நாலு மணி மயக்கம்

ராஜவேலுவுக்குக் கம்ப்யூட்டர் தெரியும் என்று ஆம்பூரில் இரண்டு பேர் நம்பினார்கள். ஒருவர், அவன் எலக்ட்ரீஷியனாக வேலை பார்த்த, தோல் பதனிடுகிற ஷாப்பின் முதலாளி கவுஸ் பாஷா சாயபு. இன்னொருவர் சம்பூர்ணம். அந்த இரண்டு பேரில் ராஜவேலு இல்லை.

வேலூரில் அவன் டிப்ளமா படித்த காலத்தில் கண்ணாடி பீரோவுக்குள் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. ஒரே ஒரு பச்சை அட்டை. மூளை, ஞாபகம், பொத்தான், ஆறு சிவப்பு எண்கள் எல்லாம் அந்த ஓர் அட்டையிலேயே ஒட்டிக் குடித்தனம் நடத்தின. வருஷத்துக்கு இரண்டு தரம் வெளியே எடுப்பார்கள். நாற்பது பேர் சுற்றி நிற்பார்கள். ராஜவேலுவுக்கு முன்னால் எப்போதும் செங்கல்வராயன் என்ற ஆறடிக்காரன் நிற்பான். செங்கல்வராயனின் முதுகைப் பற்றிக் கேட்டிருந்தால் ராஜவேலு பரீட்சையில் பத்துப் பக்கம் எழுதியிருப்பான்.

"கம்ப்யூட்டர் தெரியுமாப்பா?" என்று சாயபு கேட்டார்.

"பாத்திருக்கேன் முதலாளி" என்றான். உண்மையைத்தான் சொன்னான். சாயபு அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

எண்பத்தேழாம் வருஷம் அது. தோலைச் சதுர அடிக் கணக்கில்தான் விற்பார்கள். ஆட்டுக்கு நாலு கால், ஒரு கழுத்து, ஒரு வால் என்று கடவுள் ஓரத்தை எங்கும் நேராக வெட்டவில்லை. ஆகவே அளப்பது லேசில்லை. அதுவரை ஆணி பதித்த பழைய இரும்புச் சக்கரம் ஒன்று அளந்தது. அதில் முள் நின்ற இடத்தைப் பார்த்துப் பஞ்சாட்சரம் என்ற தொழிலாளி அளவைக் கத்துவான். அந்த வருஷம் பிப்ரவரியில்தான் சாயபு மெட்ராஸிலிருந்து புது மெஷின் இறக்கினார். பெல்ட்டில் தோலைப் போட்டால் அது ஒரு கூண்டுக்குள் போகும். கூண்டுக்குள் வரிசையாக விளக்குகள். மறுபக்கம் தோல் வெளியே வருவதற்குள் இத்தனை அடி என்று சிவப்பு எண்கள் சொல்லிவிடும். கணக்குப் போடுவது பக்கத்தில் ஓர் இரும்புப் பெட்டிக்குள் இருந்த பச்சை அட்டை. ராஜவேலு மூடியைத் திறந்து பார்த்தபோது பழைய சிநேகிதனைப் பார்த்த மாதிரி இருந்தது. இந்தத் தடவை குறுக்கே முதுகு இல்லை.

சுவிட்சைப் போட்டால் ஆறு சைபர் வரவேண்டும். வந்தால் மெஷின் எழுந்துவிட்டது என்று அர்த்தம். எழுந்தபிறகு எண்களைப் படித்து நோட்டில் எழுத ஒரு ஆள் வேண்டும். ராஜவேலு உடனே சொன்ன பெயர் சம்பூர்ணம்.

சம்பூர்ணம் குடியாத்தத்தில் லுங்கி நெய்கிற வீட்டுப் பெண்மணி. இரண்டு பிள்ளைகள். ஏழு மணி பஸ்ஸில் வந்து பஃபிங்கில் நிற்பார். தோலை உப்புத்தாள் உருளையில் தேய்க்கிற வேலை அது. தூள் மாவு மில் மாதிரி பறக்கும். தலையிலும் மூக்கிலும் துணி கட்டிக்கொண்டாலும் சாயங்காலம் புருவம் சாம்பல் பூத்திருக்கும். இருமல் அவருக்கு முன்னால் கேட்டைத் தாண்டும். அந்தச் சத்தத்தை வைத்தே பஸ்காரன் வண்டியை நிறுத்துவான் என்பார்கள். அளவு மெஷினுக்கு வந்து மூன்று மாதத்தில் இருமல் ஞாயிற்றுக்கிழமை மாதிரி ஆகிவிட்டது. வாரத்துக்கு ஒரு நாள்தான் வந்தது.

மே மாதத் தொடக்கத்தில் மெட்ராஸ் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. மெஷினுக்குள் எழுதி வைத்த கணக்கில் ஒரு பிசகாம். கால் அடி, அரை அடியை அது அப்படியும் இப்படியும் தள்ளிவிடுகிறதாம். தோல் வாங்குகிற ஏஜெண்ட் ஏற்கெனவே முணுமுணுத்துக்கொண்டிருந்த விஷயம்தான். திருத்திய கணக்கைப் புது ஐ.சி. சில்லு ஒன்றில் ஏற்றி ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பியிருந்தார்கள். பழையதைப் பிடுங்கித் திருப்பி அனுப்பு, புதியதைச் செருகு, அவ்வளவுதான்.

ஐ.சி. ஒரு பூரான் மாதிரி இருந்தது. கறுப்பு உடம்பு, இருபத்தெட்டு வெள்ளிக் கால். முதுகில் ஒரு வெள்ளிநிற லேபிள், அதில் ஏதோ நம்பர்.

"தம்பி, அந்த லேபிள குடு" என்றார் சம்பூர்ணம்.

"எதுக்குக்கா?"

"நோட்டுல ஒட்டத்தான். நாளைக்கு இதே மாதிரி இன்னொன்னு வேணும்னா நம்பர் வேணுமே. எங்க ஊட்ல நூல் சிப்பம் பிரிச்சதும் மொதல் வேல அதான். லேபிளக் கிழிச்சு நோட்டுல ஒட்டிட்டு, பக்கத்துல நெய்ஞ்ச துணில ஒரு துண்டு வெட்டி ஒட்டிருவோம். லேபிளத் தொலச்சா அந்தக் கலர் திரும்பக் கெடைக்குமா?"

மறுக்க முடியாத நியாயம். பிள்ளைப்பூச்சி முதுகைத் தடவுவது போல நகத்தால் மெல்லச் சுரண்டி, லேபிள் கிழியாமல் எடுத்து, கோந்து தடவி நோட்டில் ஒட்டினார். கீழே தேதியும் போட்டார். லேபிள் இருந்த இடத்தில் ஒரு குட்டிக் கண்ணாடி ஜன்னல். ஜன்னலுக்குள் பொடிசாக என்னவோ மின்னியது.

"இதான் மூளையா?" என்று பஞ்சாட்சரம் எட்டிப் பார்த்தான். "மூக்குத்திக் கல்லு மாதிரி கீது. இதுக்கா இவ்ளோ ஆட்டம்?"

ராஜவேலு ஐ.சி.யைச் செருகினான். சுவிட்சைப் போட்டான். ஆறு சைபர். காலை பதினோரு மணிக்குச் சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். பத்துத் தோல் அளந்து பார்த்தார்கள். கால் அடி கால் அடியாகவே நின்றது. ராஜவேலு அன்றைக்கு மதியச் சோற்றை ஒரு விஞ்ஞானி சாப்பிடுகிற மாதிரிச் சாப்பிட்டான்.

நாலு மணிக்கு சாயபு பார்க்க வந்தார். மெஷின் எழுந்திருக்கவில்லை.

சைபருக்குப் பதில் உடைந்த எண்கள்: மேலே ஒரு கோடு, கீழே பாதி வட்டம். ராஜவேலு அணைத்துப் போட்டான். மறுபடி அணைத்துப் போட்டான். ரீசெட் பொத்தானை வாசற்கதவு மணி மாதிரி அழுத்தினான். உள்ளே யாரும் இல்லை.

"காலைல ஓடிச்சு முதலாளி."

"காலைல நானும்தான் ஓடினேன்" என்றார் சாயபு. அவருக்கு அறுபத்திரண்டு வயது.

மறுநாள் காலை ஆறு சைபர் சமர்த்தாக வந்தது. சாயங்காலம் படுத்துவிட்டது. அதற்கு மறுநாளும் அப்படியே. பஞ்சாட்சரம்தான் பெயர் வைத்தான்: நாலு மணி மயக்கம். "டீ ஊத்திப் பாரு எஞ்சினீரு. எனக்கும் அந்த டைம்ல அப்டித்தான் வரும்."

சாயபு சிரிக்கவில்லை. "வர்ற வியாழக்கெழம மெட்ராஸ்லேந்து ஏஜெண்ட் வர்றாரு. அளந்து வெச்ச தோலக் கையோட எடுத்தாந்து நம்ம மெஷின்ல போட்டுப் பாப்பாரு. மதியம் ரயிலு, அப்பறம் சாப்பாடு, இங்க வர நாலு ஆயிடும். அப்ப மெஷின் எந்திரிச்சா எந்திரிச்சுது. இல்லாட்டி லாரில ஏத்தித் திருப்பி அனுப்பிருப்பா. பேஜார் புடிச்சிப் போச்சு. பழைய சக்கரத்த எறக்கு, பஞ்சாட்சரம் கத்தட்டும். நீ மோட்டாரப் பாரு. சம்பூர்ணம் பஃபிங்குக்குப் போவட்டும்."

சம்பூர்ணம் நோட்டை மூடினார். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமையாக இல்லாதபோதும் ஒரு தடவை இருமினார். ராஜவேலுவுக்கு அது தன் நெஞ்சுக்குள்ளிருந்து வந்த மாதிரி இருந்தது. அந்த அம்மாளை இந்த நாற்காலியில் உட்காரவைத்தது அவன். அதை நம்பி அவர் பஃபிங்கில் தம் இடத்தை விட்டுவந்தார்.

வெள்ளிக்கிழமை மீட்டரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான். அட்டைக்கு ஐந்து வோல்ட் வரவேண்டும். வந்தது. காலையிலும் வந்தது, நாலு மணிக்கும் வந்தது. சூடுதான் காரணம் என்று முடிவு கட்டினான். ஏப்ரலிலேயே பெட்டி மூடியைக் கழற்றிக் காற்றாட விட்டிருந்தான். இப்போது எதிரே ஒரு டேபிள் ஃபேனும் வைத்தான். ஷாப்பில் சாயபு ரூமுக்கு அடுத்தபடி ஃபேன் இருந்தது அந்த அட்டைக்குத்தான். காற்று வாங்கிக்கொண்டே அது மயங்கியது.

சனிக்கிழமை கால்களைச் சந்தேகப்பட்டான். சுண்ணாம்புக் குழிப் பக்கமிருந்து வருகிற அழுகின முட்டை வாடை வெள்ளியைக் கறுக்கவைக்கும். ஷாப்பில் வேலை செய்கிற பெண்களின் கொலுசைப் பார்த்தாலே தெரியும். ஐ.சி.யைப் பிடுங்கி, இருபத்தெட்டுக் காலையும் பென்சில் ரப்பரால் ஒவ்வொன்றாகத் தேய்த்தான். மணப்பெண்ணுக்கு நலங்கு வைக்கிறவர்கள்கூட அவ்வளவு பொறுமையாகச் செய்வதில்லை. செருகிப் போட்டான். ஆறு சைபர்! குதித்தான். அப்போது மணி காலை பத்து என்பதைக் குதித்து முடித்த பிறகுதான் கவனித்தான்.

திங்கட்கிழமை தபாலாபீஸ் போய் மெட்ராஸுக்கு டிரங்க் கால் போட்டான். ஒன்றரை மணி நேரம் காத்திருந்தபின் கிருஷ்ணராஜ் என்ற கம்பெனி எஞ்சினீயர் கிடைத்தார்.

"அணைச்சுட்டுத் திரும்பப் போட்டீங்களா?"

"போட்டேன் சார்."

"இன்னொரு தடவ போடுங்க."

"சார், காலைல எந்திரிக்குது. நாலு மணிக்கு எந்திரிக்க மாட்டேங்குது."

"காலைல ஓடுதுன்னா ஐ.சி. நல்லாத்தான் இருக்கு. உங்க ஊர் கரண்ட்தான் சரியில்ல" என்று சொல்லிவிட்டார்.

கரண்ட்! சாயங்காலம்தான் தோலைப் போட்டு உருட்டுகிற பெரிய டிரம்கள் எல்லாம் ஒன்றாகச் சுற்றும். பன்னிரண்டு மோட்டார் ஒரே நேரத்தில் உறிஞ்சினால் கம்ப்யூட்டர் மூச்சுத் திணறாதா? மீட்டர் ஐந்து காட்டியதை ராஜவேலு மறந்துபோனான். பெரிய எஞ்சினீயர் சொல்லும்போது மீட்டர் எம்மாத்திரம்? செவ்வாய்க்கிழமை சாயபுவிடம் கெஞ்சி, நாலு மணிக்குப் பன்னிரண்டு டிரம்களையும் நிறுத்தவைத்தான். முப்பது வருஷத்தில் அந்த நேரத்தில் அந்த ஷாப்பு அப்படி அமைதியாக இருந்ததில்லை. எங்கோ ஒரு காகம் கத்தியது கேட்டது. எழுபது பேர் கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்தார்கள். ராஜவேலு சுவிட்சைப் போட்டான்.

மேலே ஒரு கோடு. கீழே பாதி வட்டம்.

"டிரம்ம போடுங்கப்பா" என்று சாயபு மட்டும் மெதுவாகச் சொன்னார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வியாழக்கிழமை வந்தது. சம்பூர்ணத்தின் கூடையில் டிபன் டப்பாவுக்கு மேல் மடித்த துணி ஒன்று இருந்தது. பஃபிங்கில் தலைக்குக் கட்டுகிற பழைய துணி. துவைத்து எடுத்து வந்திருந்தார். ராஜவேலு பார்த்ததை அவரும் பார்த்தார்.

"இன்னா தம்பி, நாளைக்குத் தேடிக்கினு இருக்க வேணாமேன்னு எடுத்தாந்தேன். அதுக்கு ஏன் மொகத்த அப்டி வெச்சுக்கினு கீற? அங்கயும் நம்ம ஜனங்கதான."

மூன்றே முக்காலுக்கு மெஷின் வழக்கம்போல் மயங்கியது. அளவு ஷெட்டுக்கு மேற்கே சுவர் கிடையாது. தோல் காயப்போடுகிற வெட்டவெளிதான். மூன்றரைக்கு மேல் வெயில் கூரைக்கு அடியில் புகுந்து, ராஜவேலுவின் முதுகு, பெட்டி, ஃபேன் என்று பாரபட்சம் இல்லாமல் காய்ச்சும். அவன் பெட்டிக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டு ரீசெட்டை அழுத்திக்கொண்டிருந்தான். வேறு எதுவும் செய்யத் தோன்றவில்லை.

காய்ந்த தோலைக் குடை மாதிரித் தோளில் விரித்துப் போட்டுக்கொண்டு பஞ்சாட்சரம் வந்து நின்றான்.

"இன்னா எஞ்சினீரு, இன்னும் எந்திரிக்கலியா? என் சக்கரத்துக்கு எண்ண போட்டு ரெடியா வெச்சுட்டேன்."

ராஜவேலு பொத்தானை அழுத்தினான். ஆறு சைபர்.

இரண்டு பேரும் வாயைத் திறந்தபடி பார்த்தார்கள். "அட, என்னப் பாத்துப் பயந்துடுச்சுடா!" என்று பஞ்சாட்சரம் சிரித்துக்கொண்டே நகர்ந்தான். எண்கள் உடைந்தன.

"அண்ணே! போவாத! திரும்பி வா!"

"இன்னாத்துக்கு?"

"வாண்ணே, கும்பிடுறேன். அங்கயே நில்லு."

பஞ்சாட்சரம் நின்றான். பொத்தான். ஆறு சைபர். "இப்ப போ." போனான். உடைந்தது. "வா." வந்தான். ஆறு சைபர்.

"யோவ், நான் இன்னா சுவிட்சா?"

ராஜவேலு அவனைப் பார்க்கவில்லை. பெட்டிக்குள் பார்த்துக்கொண்டிருந்தான். பஞ்சாட்சரம் விலகியதும் அட்டையின் நடுவே குட்டிக் கண்ணாடி ஜன்னல் வெயிலில் பளிச்சென்று மின்னியது. அவன் கட்டைவிரலை அதன்மேல் வைத்து மறைத்துப் பொத்தானை அழுத்தினான். ஆறு சைபர். விரலை எடுத்தான். போயிற்று. வைத்தான். வந்தது.

ஜன்னல் வழியாக வெயில் உள்ளே விழுகிறது. வெயில் விழுந்தால் அந்த மூக்குத்திக் கல்லுக்குத் தான் படித்தது தடுமாறுகிறது. கம்ப்யூட்டர் வெள்ளிக்கிழமை ஃபேன் கேட்கவில்லை, சனிக்கிழமை நலங்கு கேட்கவில்லை. ஜன்னலை மூடடா என்று தினமும் நாலு மணிக்குக் கத்தியிருக்கிறது.

மெல்ல நிமிர்ந்தான். சம்பூர்ணம் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றிருந்தார். ஒட்டிய லேபிளில் அவர் விரல் இருந்தது. முகத்தில் ரத்தம் இல்லை.

"தம்பி... இது ஜன்னலுக்குப் போட்ட கதவா?"

வெளியே சாயபுவின் ஜீப் ஹாரன் கேட்டது.

நோட்டிலிருந்து லேபிளைப் பிய்க்கப் பார்த்தார்கள். குடியாத்தத்துக் கோந்து; பேப்பர் பொடிப்பொடியாக வந்ததே தவிர லேபிள் வரவில்லை. கறுப்பு டேப்பைத் தேடி ராஜவேலு பையைத் துழாவினான். டேப் மொத்தத்தையும் ஃபேன் ஒயரில் சுற்றியிருந்தான். அவன் ஃபேனை வைதுகொண்டிருந்தபோதே சம்பூர்ணம் சாம்பிள் மேஜையிலிருந்து கறுப்பு ஆட்டுத்தோல் துண்டில் நகம் அகலத்துக்கு வெட்டி, ஆம்பூரில் எந்த மூலையிலும் கிடைக்கிற செருப்பு ஒட்டுகிற சொல்யூஷனைத் தொட்டு, ஜன்னலின் மேல் அழுத்தி ஒட்டிவிட்டார். லுங்கி வெட்டி ஒட்டிப் பழகின கை. கோடு பிசகவில்லை.

வெறுமனே பெட்டியின் மூடியைப் போட்டிருந்தாலே போதும் என்பது ராஜவேலுவுக்கு மறுநாள் காலை பல் துலக்கும்போதுதான் தோன்றியது.

சாயபு முன்னால் வர, ஏஜெண்ட் சீனிவாசன் பின்னால் வந்தார். கையில் அளவு எழுதிய பத்துத் தோல். அவர் முகம், சாப்பிட்டதும் தூங்கவேண்டியவரை யாரோ எழுப்பிக் கூட்டிவந்த முகம். ராஜவேலு சுவிட்சில் கை வைத்தான். வெயில் அட்டையின் மேல் முழுசாக விழுந்துகொண்டிருந்தது. பஞ்சாட்சரம் யாரும் கேட்காமலே மேற்குப் பக்கம் போய்த் தோலை விரித்துக்கொண்டு நின்றான். 'தள்ளிப் போ' என்று ராஜவேலு கண்ணைக் காட்டினான். நிழலில் ஜெயித்தால் அது ஜெயமில்லை. பஞ்சாட்சரம் நகர்ந்தான்.

ஆறு சைபர்.

சம்பூர்ணம் எண்களைப் படித்தார். நாலே கால். ஐந்தரை. மூணே முக்கால். ஏஜெண்ட் தன் சீட்டைப் பார்த்துப் பார்த்துத் தலையாட்டினார். பத்தாவது தோலுக்குச் சீட்டைப் பார்க்காமலே தலையாட்டினார். "சரியா இருக்கு பாய், இனிமே இந்தக் கணக்கே போதும்" என்று சாயபுவிடம் சொல்லிவிட்டு, தூக்கத்தைத் தொடர ஜீப்புக்கு நடந்தார்.

சாயபு மட்டும் நின்றார். "ஒரு வாரமா ஆட்டம் காட்டிச்சே, இன்னாப்பா கோளாறு?"

"அது... மேல ஒரு லேபிள் ஒட்டியிருந்துச்சு முதலாளி. வெயில் படாம இருக்கறதுக்கு. நான் தெரியாம பிச்சுட்டேன்."

"நீ பிச்சியா?"

"ஆமா முதலாளி. சும்மா... உள்ள இன்னா கீதுன்னு பாக்க."

"அவன் பிக்கல" என்று சம்பூர்ணத்தின் குரல் வந்தது. நோட்டை எடுத்துக்கொண்டு முன்னால் வந்தார். "நான்தான் பிச்சேன் முதலாளி. இதோ ஒட்டி வெச்சிருக்கேன், தேதி போட்டு. எங்க வழக்கம் அது." அப்புறம் ராஜவேலுவின் பக்கம் திரும்பினார். "என் தப்ப நீ ஏன் தம்பி தூக்கிக்கினு போற? நானா கேட்டேன்?"

"மூடியத் தொறந்து வெச்சது நான்தானக்கா. பாதி என்னுது."

"அப்ப பாதிய மட்டும் சொல்லு. முழுசா ஏன் சொல்ற?"

சாயபு நோட்டை வாங்கிப் பார்த்தார். பிய்க்கப் பார்த்ததில் ஓரம் பொடிந்துபோன வெள்ளி லேபிள், நம்பர் மட்டும் பிழைத்திருந்தது. கீழே முத்து முத்தாகத் தேதி. முன்பக்கம் புரட்டினார். மூன்று மாதத்தில் அந்த ஷெட்டுக்கு வந்த விளக்கு, பெல்ட், ஃப்யூஸ் எல்லாவற்றின் லேபிளும் வரிசையாக இருந்தன. மெட்ராஸ் கம்பெனியே அப்படி ஒரு நோட்டு வைத்திருக்குமா என்பது சந்தேகம்.

"ராஜவேலு."

"முதலாளி."

"பொய் சொல்றதுக்கு ஒரு மூஞ்சி வேணும்ப்பா. உனக்கு அது இல்ல. அத விட்டுட்டு உன் வேலயப் பாரு." நோட்டைச் சம்பூர்ணத்திடம் நீட்டினார். "இன்னொரு தடவ லேபிள் வந்துச்சுன்னா கிழிக்காத. பாத்து எழுதிக்க."

"எழுதிக்கிறேன் முதலாளி. பஃபிங்குக்கு..."

"பஃபிங்குல யாரு நோட்டு எழுதுறா?" என்று கேட்டுவிட்டு அவர் ஜீப்பைப் பார்த்து நடந்தார்.

அன்றைக்குச் சாயங்காலம் பஸ்ஸுக்குப் போவதற்கு முன்னால் சம்பூர்ணம் மிச்சமிருந்த கறுப்புத் தோலில் இன்னொரு நகத்துண்டு வெட்டி, நோட்டில் லேபிளுக்குப் பக்கத்தில் ஒட்டினார். கூடையிலிருந்த தலைத்துணியை எடுத்து அட்டையின் மேல் படிந்திருந்த தூசியைத் துடைத்தார். துடைத்த துணியை அங்கேயே ஆணியில் மாட்டினார். மெஷின் இருந்தவரைக்கும் அது அதற்கான துணியாகவே தொங்கியது.

நடந்ததை ராஜவேலு எழுதிப்போட்டதற்கு, மெட்ராஸிலிருந்து பத்து நாள் கழித்துக் கிருஷ்ணராஜ் பதில் எழுதினார். இன்னும் ரொம்ப நாள் வெயில் பட்டிருந்தால் உள்ளே இருந்த கணக்கே மொத்தமாக அழிந்துபோயிருக்குமாம். தோல் ஒட்டியது நல்ல யோசனை என்றும் பாராட்டியிருந்தார். அந்தக் கடிதத்தையும் சம்பூர்ணம் நோட்டில் ஒட்டினார்.

இப்போது ராஜவேலுவுக்கு அறுபது தாண்டிவிட்டது. செல்போன் அப்டேட் பாதியில் நின்றால் வீட்டில் எல்லாரும் அணைத்துப் போடுவார்கள். அவர் மட்டும் முதலில் அதை ஜன்னல் பக்கத்திலிருந்து நகர்த்தி, மேலே உள்ளங்கையைக் குடையாகப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பார். அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்று அவருக்குத் தெரியும். ஆனாலும், நாலு மணியாக இருந்தால், இரண்டு கையாலும் பிடிப்பார்.